துப்பாக்கிக் குழலும் கடைசல் பட்டறையும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பெரிய ஆலைகளெல்லாம் மதில் சுவருக்கு உள்ளே இருக்கின்றன. மதிலுக்கு வெளியே, தகரக் கொட்டகைகளில், சின்னஞ்சிறு கடைசல் பட்டறைகள் இருக்கின்றன. உள்ளேயிருக்கும் யந்திரத்தில் ஓர் அச்சு தேய்ந்தாலும், ஒரு மரை அழிந்தாலும், வெளியேயிருக்கும் இந்தக் கொட்டகைகளைத் தேடித்தான் ஆள் ஓடி வருகிறது. திருவள்ளூரில் நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் அத்தகைய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். வகுப்பில் அவருக்குச் சரித்திரமும் வராது, இலக்கணமும் வராது. ஆனால் இரும்பில் ஆயிரத்தில் ஓர் அங்குலம் பிசகாமல் கடையும் கை அவருக்கு வாய்த்திருக்கிறது. அந்தக் கையில்தான் இரண்டு குழந்தைகளும் வயதான தாயாரும் பட்டறைக் கடனும் அடங்கியிருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குமேல் அவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சார், பட்டறையிலே ஒரு துப்பாக்கி இருக்கு" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் இதுதான். அவருடைய ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். சொந்தத்தில் பெரியப்பா முறை. அன்று மாலை ஒரு கோணிப்பையில் சுற்றிய நீண்ட சாமானைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாராம். பிரித்துப் பார்த்தால் .315 ரைபிள்! பெரியவருடைய தகப்பனார் காலத்தில் முறையாக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. தகப்பனார் காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. ரைபிள் பரணிலேயே கிடந்தது. இப்போது வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்குகிறது. ஆகவே அதை எடுத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார். குழலின் வாய்ப்புறம் துருவேறி, இரண்டங்குலம் உள்ளே தள்ளி ஓரிடத்தில் மோதிரம் போட்டதுபோல் வீங்கியிருந்தது.

"தம்பி, நுனியிலே ஓர் அஞ்சு அங்குலம் வெட்டி, வாயைச் சுத்தமாக் கடைஞ்சு குடுத்துடு. உனக்கு அரை மணி வேலை. நாளைக்குக் காலையிலே வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெரியவர் பஸ் ஏறிப் போய்விட்டாராம்.

"வெட்டினாயா?" என்று கேட்டோம்.

"இல்லே சார். ஆனா எங்கிட்ட வச்சிருக்கேனே?"

கேள்வி சரியான கேள்வி. பள்ளிக்கூடத்தில் அவர் கேட்ட கேள்விகளெல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. இதற்குப் பதில் சொல்வதற்காகவே நாம் அந்த வாரம் முழுதும் சட்டப் புத்தகங்களையும் துப்பாக்கி சம்பந்தமான புத்தகங்களையும் புரட்ட வேண்டியதாயிற்று. வாத்தியார்களுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் கேட்கலாம். தெரியாதுதான். தெரியாததைப் படித்துச் சொல்வதே நம் தொழில்.

முதலில் அந்தக் குழலைக் கவனிப்போம். பட்டறைக்காரர் கண்ணுக்கு அது ஓர் உருக்குக் குழாய். பெரியவர் கண்ணுக்கும் அப்படியே. ஆனால் அது குழாய் அல்ல. தோட்டா வெடிக்கும்போது அதற்குள் என்ன நடக்கிறதென்பதைக் கேளுங்கள். லாரிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 ராத்தல். .303 போன்ற ரைபிள் தோட்டா வெடிக்கும்போது குழலின் அடிப்பாகத்தில் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40,000 ராத்தலுக்கும் மேல். இவ்வளவும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் எழுந்து அடங்கிவிடுகிறது. சுடுகிறவனுடைய கன்னம் அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாகச் சால் ஓடியிருக்கும். குண்டு அந்தச் சால்களைக் கவ்விக்கொண்டு பம்பரம்போல் சுழன்று வெளியேறுகிறது. சுழற்சி இருப்பதால்தான் அது தலைகீழாகப் புரளாமல் நேராகப் போகிறது. இந்தச் சால் உள்ளதற்குத்தான் ரைபிள் என்று பெயர். சால் இல்லாதது வழவழக் குழல் துப்பாக்கி. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் குழலின் வாய். வாயின் விளிம்பில் ஒரு பக்கம் மயிரிழை உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலும், பின்னாலிருந்து பீறிவரும் வாயு குண்டின் அடியை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. ஆகவே அரை மணி வேலை என்று பெரியவர் சொன்னது, அந்தத் தொழிலைக் கற்றவர்கள் குழலிலேயே மிகவும் நுணுக்கமானதென்று கருதும் வேலை.

அந்த மோதிர வீக்கம் இன்னும் மோசமான சமாசாரம். குழலுக்குள் சேறோ, கந்தலோ, முன்பு சுட்ட குண்டோ சிக்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி சுட்டால், தடை இருக்கும் இடத்தில் அழுத்தம் திடீரென்று ஏறி உருக்கு வெளியே பிதுங்கும். சில சமயம் வெடித்தே போகும். வீங்கியதோடு நின்றது அந்தத் தகப்பனாருடைய அதிருஷ்டம். வீங்கிய இடத்தை வெட்டி எறிந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் அந்த அடி விழுந்தபோது குழலின் அடிப்பாகமும் பூட்டும் எவ்வளவு பட்டன என்பது கண்ணுக்குத் தெரியாது. தோட்டா உட்காரும் அறைக்கும் பூட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி சற்று அதிகமாகிவிட்டாலும், பித்தளைத் தோட்டா பின்புறத்தில் கிழிந்து, வாயு சுடுகிறவன் கண்ணை நோக்கி வரும். வெல்டிங் வைத்து ஒட்டலாம் என்று ஆரம்பித்தாலோ, அந்தச் சூட்டில் உருக்கின் பதமே மாறிவிடும். பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. பதம் கெட்ட உளி என்ன ஆகும் என்று அவர்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

இதனால்தான் குழலில் பெரிய வேலை செய்த துப்பாக்கியை மறுபடி சோதனை வெடிக்கு உட்படுத்த வேண்டும் என்ற முறை ஏற்பட்டது. சாதாரணத் தோட்டாவைவிட ஏறக்குறையக் கால் பங்கு அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு, ஆள் அருகில் இல்லாமல் வெடித்துப் பார்க்கிறார்கள். தாங்கினால் முத்திரை அடிக்கிறார்கள். இங்கிலாந்தில் லண்டன் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637-லும், பர்மிங்ஹாமில் தனிச் சட்டத்தின் மூலம் 1813-லும் இதற்கு ஏற்பாடு உண்டாயிற்று. நம் தேசத்திலும் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள இஷாப்பூரில் ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் கிடையாது. அவ்வளவு ஏன், நம் ஜில்லாவிலேயே இருக்கும் ஆவடியில் 1965 முதல் டாங்கிகள் செய்கிறார்கள். அங்கே இல்லாத கடைசல் யந்திரமா? ஆனாலும் பீரங்கிக் குழல் என்று வரும்போது கான்பூரில் அதற்கென்றே உள்ள தொழிற்சாலைகளிலிருந்துதான் வருகிறது. குழல் வேறு ஜாதி வேலை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கைதேர்ந்தவர்கள் கூட இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசியில், பர்மாக் காடுகளைப் போன்ற இடங்களில் பழகுவதற்கென்று ஆங்கிலேயர் தங்கள் .303 ரைபிளைக் குட்டையாக்கினார்கள். 25 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த குழல் 19 அங்குலத்துக்கும் குறைந்தது. எடையும் ஏறக்குறைய 2 ராத்தல் குறைந்தது. ஆனால் வெடிக்கும்போது வாயில் எழுந்த நெருப்பு கண்ணைப் பறித்தது. அதை மறைக்கப் புனல் ஒன்று மாட்ட வேண்டியிருந்தது. தோளில் விழுந்த உதை பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று சரி செய்த குறி நாளை நிலைப்பதில்லை என்ற புகார் எழுந்தது. சில வருஷங்களுக்குள் அந்த ரைபிளைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் கொல்லுலைகள் எல்லாம் சேர்ந்தும் ஆறு அங்குலத்தைச் சரியாகக் குறைக்க முடியவில்லை. நம் பெரியவர் ஐந்து அங்குலத்தை அரை மணியில் குறைக்கச் சொல்கிறார்!

குழலை மாற்றுவதற்கும் இந்தியச் சரித்திரத்துக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. அதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1857-இல் சிப்பாய்கள் எழுந்ததற்கு என்பீல்ட் ரைபிளின் தோட்டாவில் தடவிய கொழுப்பு ஒரு காரணமென்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த ரைபிளுக்கு என்ன நேர்ந்தது என்பது அவ்வளவாகத் தெரிந்ததல்ல. இந்தியச் சிப்பாயின் கையில் வெகுதூரம் குறி தவறாமல் சுடும் ஆயுதம் இருப்பது ஆபத்து என்று வெள்ளைக்காரர்கள் முடிவு செய்தார்கள். .577 அங்குலமாக இருந்த குழலை .656 அங்குலமாகக் குடைந்து, உள்ளேயிருந்த சால்களை அடியோடு வழித்தெடுத்தார்கள். ரைபிளாகப் பிறந்தது வழவழக் குழலாயிற்று. இந்தியன் கையில் அதைக் கொடுத்தார்கள். ஆனால் குடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து போயிற்று. குழல்கள் வீங்கின, வளைந்தன. பிறகு தடித்த சுவரோடு புதிதாகவே குழல் செய்ய நேர்ந்தது. அரசாங்கமே அவநம்பிக்கையால் குழலில் கை வைத்த கதை இது. அவநம்பிக்கைக்கும் உருக்கின் விதி விலக்குக் கொடுக்கவில்லை.

அதே கொள்கை அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இஷாப்பூரில் .303 ரைபிள்களின் சால்களை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தோட்டா போட்டுச் சுடும் .410 மஸ்கட்டுகளாக மாற்றிப் போலீஸாருக்கும் காவற்காரர்களுக்கும் கொடுத்தார்கள். பொதுஜனங்களுக்கோ பட்டாளத் தோட்டா பொருந்தும் ரைபிளே கூடாது. ராணுவத் தோட்டா திருடுபோனால் வெளியில் எந்தத் துப்பாக்கியிலும் நுழையக் கூடாதல்லவா? .450 அளவுள்ள வேட்டைத் துப்பாக்கிகளை 1907-இல் இந்தியாவுக்குள் வராமல் தடுத்ததும் இந்த யோசனையால்தான். பெரியவரின் கோணிப்பையில் வந்த ரைபிள் .315 ஆக இருப்பதும் அதே யோசனையின் சந்ததியே. ரைபிள் என்றால் .303 தானே என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பட்டாளத்துக்கு; .315 குடிமக்களுக்கு.

சட்டமும் அந்த மனோபாவத்தில் பிறந்ததுதான். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-ஆம் வருஷம் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று இந்தியர்களின் கையைக் கட்டியது. அந்த ஆயுதச் சட்டத்தின்கீழ் இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டியதில்லை. இந்த அவமானம் நம் முன்னோர்களின் மனத்தை எவ்வளவு உறுத்தியதென்றால், 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இடம் பெற்றது. துப்பாக்கிச் சட்டம் என்றால் ஏதோ வெள்ளைக்காரன் சட்டம், மீறினால் பாவமில்லை என்று கிராமத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. அதை நாம் பரிகாசம் செய்ய மாட்டோம். ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. இன்று நடப்பது நம்முடைய பார்லிமெண்டு 1959-இல் இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம். அதில் ஜாதி நிற பேதம் கிடையாது.

இந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சின்னஞ்சிறியது. அதற்கென்று உரிமம் பெறாத எவரும் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்கக் கூடாது; பொம்மைத் துப்பாக்கியை மெய்த் துப்பாக்கியாக மாற்றவும் கூடாது. 2019-இல் திருத்தம் செய்தபோது, விதிகளில் சொன்ன ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் இதனுடன் சேர்த்தார்கள். இத்தனை அங்குலம் வரை வெட்டலாம் என்ற சலுகை அந்தப் பிரிவில் கிடையாது. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் உள்ளவருக்கும் அதை வெட்ட லைசென்ஸ் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு.

தண்டனை என்ன? முன்பு 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை என்று இருந்தது. 2019 டிசம்பர் முதல் 7 வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் வரை என்று ஆகிவிட்டது. வெட்டச் சொன்னவர் மட்டும் அகப்படுவார் என்று நினைக்க வேண்டாம். 'குட்டையாக்கக் கூடாது' என்று சட்டம் சொல்வது முதலில் யந்திரத்தின் சக்கரத்தைச் சுழற்றுகிறவனைப் பார்த்துத்தான். கூலி வாங்கினோமா, வாங்கவில்லையா, உறவுக்காகச் செய்தோமா என்பதெல்லாம் குற்றத்தை மாற்றாது.

இந்த இடத்தில் நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கொலைக் கும்பலுக்குத் துப்பாக்கியைக் குட்டையாக்கிக் கொடுக்கிறவனுக்கு ஏழு வருஷம் போதுமா என்பது ஒரு கேள்வி. துருப்பிடித்த நுனியை அறியாமல் அறுத்துவிட்ட பட்டறைக்காரனுக்கும் ஏழுக்குக் குறைய முடியாது என்பது நியாயமா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும் சட்டம் நீதிபதியின் கையைக் கட்டிவிடுகிறது. ஆனால் சட்டம் மாறும் வரையில் அதுதான் சட்டம். அதைத் தெரிந்துகொள்ளாதவனுக்குத்தான் அபாயம் அதிகம்.

குழலில் செய்யக்கூடிய மற்ற வேலைகளையும் பார்த்துவிடுவோம். சத்தத்தையோ நெருப்பொளியையோ குறைப்பதற்காக வாயில் மாட்டும் கருவியை விதிகள் மிகவும் கட்டுப்பாடான முதல் வகையில் வைத்திருக்கின்றன. சினிமாவில் பார்த்துவிட்டு வாயில் மரை போட்டுத் தரும்படி கேட்கும் இளைஞர்கள் இதை அறிவது நல்லது. வழவழக் குழல் துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் குறைந்தால் அதுவும் முதல் வகைக்குப் போய்விடுகிறது. .303 தோட்டாவோ, 7.62 மில்லிமீட்டர் பட்டாளத் தோட்டாவோ, மேலே சொன்ன .410 மஸ்கட் தோட்டாவோ நுழையும்படி குழலை மாற்றினால் அதுவும் அப்படியே. துப்பாக்கியில் பொறித்த பெயரையும் எண்ணையும் அழிக்கவோ மாற்றவோ கூடாதென்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. துருவெடுக்கிறேன் என்று உப்புத்தாளால் தேய்த்து எண்ணை மங்கவைத்துவிட்டு, 'அழகுக்காகச் செய்தேன்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நகரத்துக் குடும்பங்களில் ரைபிள் அபூர்வம். ஆனால் காற்றுத் துப்பாக்கி அபூர்வமல்ல. 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ளதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பிறந்த நாளைக்குக் கூட வாங்கிக் கொடுக்கிறார்கள். பையன் சில நாள் டப்பாவைச் சுடுவான். பிறகு வில்லை மாற்றி வேகத்தைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். அந்த வரம்பைத் தாண்டிய நிமிஷத்தில் அது விளையாட்டுச் சாமான் அல்ல, லைசென்ஸ் இல்லாத ஆயுதம். அப்பாவின் பெயரில் ரசீது இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். வெட்டவில்லை, ஆனால் பட்டறையில் இருக்கிறதே? லைசென்ஸ் உடையவர் முன்னிலையிலோ, அவருடைய எழுத்து மூலமான அனுமதியின் பேரிலோ, ரிப்பேருக்காக வேறொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று 3-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. லைசென்ஸ் உடையவரோ பரலோகத்தில் இருக்கிறார்! அவரிடம் எப்படி எழுதி வாங்குவது? அத்துடன் ரிப்பேர் செய்வதற்கே தனி உரிமம் வேண்டும். அத்தகைய உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பஸ்ஸில் கொண்டு வந்த பெரியவரும் தவறு செய்தவர். மேஜைமேல் வைத்திருக்கும் நம் மாணவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறுக்குள் இறங்கிக் கொண்டிருப்பவர். இறந்தவருடைய துப்பாக்கியை வாரிசுகள் வீண் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்படைத்ததனால் பொருள் போய்விடாது. வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கோரலாம். கிடைத்தால் திரும்பப் பெறலாம். கிடைக்காவிட்டால் உரிமை உள்ளவருக்கு முறைப்படி விற்கலாம். இது தெரிந்திருந்தால் பெரியவர் இத்தனை வருஷம் பரணில் ஏற்றி வைத்திருக்க மாட்டார்.

தெரிந்திருந்தாலும் வைத்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம் நமக்கு உண்டு. லைசென்ஸ் காகிதத்தோடு ஆபீஸ் ஆபீஸாக நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் கட்டு, முடிந்தால் வாங்கு, விசாரணைக்கு வா, மறுபடி வா. நியாயமான வழி இவ்வளவு நீளமாக இருந்தால், மனிதர்கள் குறுக்கு வழியாகத் தகரக் கொட்டகையைத்தான் நாடுவார்கள். கலெக்டர் ஆபீஸில் வாரிசு மனுக்களைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தாலே இத்தகைய குழல்களில் பாதி பட்டறைப் பக்கம் வராது என்பது நம் எண்ணம்.

அன்றிரவு நாம் மாணவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அதை நீ தூக்கிக்கொண்டு எங்கேயும் போகாதே. வழியில் யாராவது நிறுத்தினால் கதை சொல்லி மாளாது. பட்டறையைப் பூட்டு. பெரியப்பாவை இப்போதே அழைத்துக்கொள். நமக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார். அவரோடு சேர்ந்து ஸ்டேஷனில் நீங்களே தகவல் கொடுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும்."

"பெரியப்பா என்னோட பேசவே மாட்டார் சார். காட்டிக் கொடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவார்."

"சொல்லட்டும். ஏழு வருஷம் கழித்துச் சமாதானம் செய்துகொள்வதை விட, ஏழு மாதம் கழித்துச் சமாதானம் செய்துகொள்ளலாம்."

அவர் சிரிக்கவில்லை. நாமும் அது நல்ல ஹாஸ்யம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பெரியவர் பட்டறைக்கு வந்தபோது வக்கீலும் நாமும் அங்கே இருந்தோம். அரை மணி நேரம் அவர் நம் மூவரையும் திட்டினார். வெள்ளைக்காரன் காலத்தில் தம் தகப்பனார் இந்தத் துப்பாக்கியோடு ஜமாபந்திக்குப் போவார் என்றும், தாசில்தாரே எழுந்து நிற்பார் என்றும் சொன்னார். பிறகு மாணவர் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பெரியப்பாவை உள்ளே பார்க்கச் சொன்னார். வீங்கிய இடத்தில் கருவளையம் ஒன்று தெரிந்தது. அதற்கு அடியில் பூட்டுப் பக்கமாக, நூல்போல் ஒரு கீறலும் தெரிந்தது. ஐந்து அங்குலத்தை வெட்டினாலும் அது அங்கேயேதான் இருந்திருக்கும்.

"இதுக்கு முன்னாலேதான் சார் கன்னம் வச்சுச் சுடணும்" என்று மாணவர் நம்மிடம் சொன்னார். பெரியவருக்குச் சொல்ல வேண்டியதை வாத்தியாரிடம் சொல்வதுபோல் சொன்னார். பெரியவருடைய பேரனுக்குப் பத்தொன்பது வயது. கொல்லைக் காவலுக்கு அவன்தான் போவதாக ஏற்பாடாம்.

பெரியவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் கேட்டார்.

ஸ்டேஷனில் தகவல் கொடுத்து, அவர்கள் வந்து ரைபிளை எடுத்துச் சென்று ரசீது தந்தார்கள். இத்தனை நாள் ஏன் ஒப்படைக்கவில்லை என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. என்ன ஆகும் என்று வக்கீலும் உறுதியாகச் சொல்லவில்லை. தாமே முன்வந்து தகவல் கொடுத்தது அநுகூலம் என்கிறார். பன்றிக்கு வனத்துறைக்கு மனு எழுதியிருக்கிறார்கள். அதைச் சுடுவதற்கும் நம் இஷ்டப்படி உரிமை இல்லை என்பது பெரியவருக்கு இரண்டாவது அதிர்ச்சி. பெரியப்பா மாணவரோடு இன்னும் பேசவில்லை. ஆனால் சென்ற வாரம் மோட்டார் பம்பின் அச்சு ஒன்று தேய்ந்து போய்விட்டதாம். அதைப் பேரன் கையில் கொடுத்து, "அவன் பட்டறைக்கே கொண்டு போ" என்று அனுப்பியிருக்கிறார்.